ஏரிக்கரை வீடும் ஒரு மணி நேர விருந்தாளியும்

ஒரு வீட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உரியது? அதனை வரைந்தவருக்கா, அதனைக் காணச் செல்பவருக்கா, அன்றி அதிலே சமைத்தும் துவைத்தும் நோயுற்றும் முதுமையெய்தியும் வாழ்ந்தவருக்கா? விடை வெளிப்படையானதே. ஆயினும் நவீன கட்டடக்கலை பற்றிய எழுத்துக்களிற் பெரும்பகுதி, மூன்றாமவரை முற்றாக மறந்தே எழுதப்பட்டுள்ளது. போற்றுவோரும் தூற்றுவோரும் இவ்விடயத்தில் ஒரே படலையடியில் நிற்பவர்களாவர். ஒரு சாரார் வெளியை வியந்து மீள்கின்றனர். மறு சாரார் வெறுஞ்சுவரைக் கண்டு முகஞ்சுளித்து மீள்கின்றனர். இருவரும் அன்று மாலையே தத்தம் இல்லம் திரும்பி விடுவதால், வீட்டுக்கு உரியவரின் நாளாந்த வாழ்வு இருவர் கணக்கிலும் சேர்வதில்லை.

இக்கட்டுரை அவ்விரு சாராரையும் மறுத்து எழுதப்படுகின்றது. மறுப்புக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுவது சுவிற்சர்லாந்தில், லெமான் ஏரியின் கரையில், வெவே நகரை அடுத்த கொர்சோ என்னும் ஊரிலுள்ள ஒரு சிறிய வீடாகும். லெ கொர்பூசியே தம் பெற்றோருக்காக 1923-24 காலப்பகுதியில் தம் உறவினர் பியேர் ஜனறேயுடன் சேர்ந்து அமைத்த அவ்வீடு இன்று ஓர் அரும்பொருட்காட்சியகம். 2016ஆம் ஆண்டில், ஏழு நாடுகளில் உள்ள அவரது பதினேழு ஆக்கங்களுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. உலகெங்கணுமிருந்து கட்டடக்கலை மாணவர்கள் அங்கு செல்கின்றனர். அவர்கள் எதனைக் காண்கின்றனர், எதனைக் காணாது வருகின்றனர் என்பதே நமது வினா.

வீடு

முதலில் அளவுகளை நோக்குவோம். நீளம் 16 மீற்றர். அகலம் 4 மீற்றர். ஆகவே பரப்பு 64 சதுர மீற்றர். ஒரு மாடி, தட்டைக் கூரை, கூரையின்மேல் புல்வெளி. ஏரியை நோக்கிய தென்புறச் சுவரில், ஏறத்தாழ 11 மீற்றர் நீளத்துக்கு இடைவிடாது ஓடும் ஒரே யன்னல். வரவேற்பு அறை, படுக்கையிடம், குளியலறை, சமையலறை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக நடந்து சுற்றிவரக் கூடியவாறு அமைந்துள்ளன. விருந்தினர் வருங்கால் மடக்குத் தடுப்பினால் ஓரறை உருவாகும். அவர் சென்றபின் அவ்வறை மறைந்து கூடம் விரியும். வீதிப்பக்கச் சுவரருகே, வளர்ப்பு நாய் ஏறிநின்று வழிப்போக்கரைப் பார்ப்பதற்கென ஒரு சிறு மேடையும் கம்பியிட்ட துவாரமும் உண்டு.

இச்சிறுமைக்குக் காரணம் யாது? குறைவே நிறைவு என்னும் தத்துவத்தை இங்கே பலர் தேடுகின்றனர். ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. தந்தையார் கைக்கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் கைவினைஞர். தாயார் பியானோ இசை கற்பித்தவர். 1912இல், மகன் இருபத்தைந்து வயதினராய் இருந்தபோது, லா ஷோ-டி-ஃபோன் நகரில் அவர்களுக்கெனப் பெரியதொரு வீட்டைக் கட்டினார். அவ்வீட்டின் செலவு பெற்றோரின் ஆயுட்காலச் சேமிப்பை விழுங்கிற்று. 1919இல் அவர்கள் அதனை நட்டத்துக்கு விற்று வெளியேற நேர்ந்தது. ஏரிக்கரை வீட்டின் 64 சதுர மீற்றர் அந்த நட்டத்திற் பிறந்த அளவாகும். முதுமையில் இருவர், கையிருப்போ சொற்பம், வேலையாள் அமர்த்த வசதியில்லை, மாடிப்படி ஏற இயலாத காலமும் வரும்: இவையே அவ்வரைபடத்தின் முதற் கோடுகள். அழகு அதன்பின் வந்தது.

இதனை மறைத்து, சிறுமையையே ஒரு அறமாகப் போதிப்பவர்களை நாம் ஐயத்துடன் நோக்க வேண்டும். இரு முதியோருக்கு, முன்னே ஏரியும் அப்பால் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் விரிந்திருக்க, 64 சதுர மீற்றர் போதுமானதே. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னர் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அஃதாவது 51 சதுர மீற்றர் அளவினது. அவற்றுள் வாழ்வன குடும்பங்கள்; பிள்ளைகள் படிப்பதும் பாட்டி படுப்பதும் நெல்மூடை அடுக்குவதும் அதற்குள்ளேதான். அளவு ஒத்திருப்பதால் வாழ்வு ஒத்திருப்பதில்லை. சிறிய வீட்டைக் காணச் சென்று, சிறுமையின் பெருமையை எழுதுபவரின் சொந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று வினவுவது அநாகரிகமாகலாம். ஆனால் அது பொருத்தமற்ற வினா அன்று.

யன்னலும் மதிலும்

அங்கு செல்வோர் யாவரும் முதலிற் குறிப்பிடுவது அந்த நீள யன்னலை. சுவரே மறைந்து ஏரி வீட்டுக்குள் வந்துவிடுகின்றது என்பர். உண்மையே. ஆயினும் அவ்வீட்டின் ஆழ்ந்த சிந்தனை யன்னலில் இல்லை. தோட்டத்து மதிலில் இருக்கின்றது என்பேன். ஏரிக்கரையை அடைந்தவுடன் எவரும் எதிர்பார்ப்பது திறந்த காட்சியை. லெ கொர்பூசியே அதன் குறுக்கே மதில் எழுப்பினார். மதிலில் ஒரேயொரு சதுரத் துவாரம்; அதன்கீழ் ஒரு கொங்கிரீற்று மேசை. அத்துவாரத்தினூடாக ஏரியும் மலையும் ஒரு சட்டத்துள் அடங்கித் தோன்றும்.

ஏன் மறைத்தார்? எத்திசையிலும் எந்நேரமும் விரிந்து கிடக்கும் பேரழகு நாளடைவிற் சலிப்பூட்டும். அளவுபடுத்தினாலன்றிக் கண் அதனைக் காண மறந்துவிடும் என்பது அவர் கருத்து. இக்கருத்து ஒரு மணி நேர விருந்தாளிக்குத் தேவையற்றது. அவனுக்குச் சலிப்பு நேர அவகாசமில்லை; அவனுக்கு மதில் ஒரு புதுமை, புகைப்படத்துக்கு ஏற்ற சட்டம். ஆனால் பத்தாயிரம் காலைப்பொழுதுகள் அதே ஏரியின் முன் கண்விழிக்கப் போகும் ஒருத்திக்கு, மதில் ஒரு துணை. தாயார் அவ்வீட்டில் வாழ்ந்த காலம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்டது. தந்தையார் 1926இல் மறைந்தார். தாயார் ஏறத்தாழ நூறு வயது வரை வாழ்ந்து 1960இல் மறைந்தார். அதன்பின் இசைக்கலைஞரான மூத்த மகன் அல்பேர் 1973 வரை அங்கு வாழ்ந்தார். அம்மதில் அத்தகையதொரு நீண்ட வாழ்வைக் கணக்கிலெடுத்தே எழுப்பப்பட்டது. விருந்தாளியின் கண்ணுக்காகக் கட்டப்பட்டிருப்பின் மதிலே இருந்திராது.

நிலத்துக்கு முன் வரைபடம்

இனித் தூற்றுவோரின் வாதத்துக்கு வருவோம். அவர்களது முதன்மையான குற்றச்சாட்டு இதுவாகும்: இவ்வீட்டின் வரைபடம் நிலம் தெரிவு செய்யப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்டது, கட்டடக்கலைஞர் வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற நிலத்தைத் தேடி அலைந்தார், மண்ணை மதியாத நவீனத்துவத்தின் செருக்குக்கு இதனினும் சான்று வேண்டுமா?

தகவல் சரியானதே, அவரே 1954இல் இவ்வீடு பற்றி வெளியிட்ட சிறுநூலில் அதனை ஒருவகைப் பெருமையுடன் கூறுகின்றார். முடிவுதான் தவறு. வரைபடம் நிலத்துக்கு முன் வந்தது. ஆனால் மனிதருக்குப் பின் வந்தது. யார் எங்கு உறங்குவர், எந்நேரம் எழுவர், பியானோ எங்கு நிற்கும், வெயில் எப்பக்கத்தால் வரவேண்டும், முழங்கால் வலியுடன் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பனவற்றை அறியாத மகன் இருந்திருக்க முடியாது. நிலத்தைத் தேடியபோதும் வெயிலின் திசையும் காட்சியும் பெற்றோரின் தேவையுமே அளவுகோலாயின. மண்ணின்மீது பற்றுள்ளதாகச் சொல்லப்படும் எத்தனையோ வீடுகள், மரபு கூறிய அளவில் எழுந்து, அவற்றுள் வாழும் பெண்ணை இருண்ட குசினியில் அடைத்து வைத்திருக்கின்றன. நிலத்தை மதித்தல் நன்று. நிலத்தில் நிற்பவரை மதித்தல் அதனினும் நன்று.

நவீனத்துவத்தின் செருக்கைக் காண விரும்புவோர் ஏரிக்கரையில் தேட வேண்டியதில்லை. அதே கட்டடக்கலைஞர், அதே ஆண்டுகளில், பிரான்சில் போர்தோ நகரையடுத்த பெசாக்கில் அமைத்த குடியிருப்புக்குச் செல்லட்டும். அன்றி ப்ருஜே என்னும் சீனி ஆலை முதலாளியின் வேண்டுகோளில், தொழிலாளருக்கென ஏறத்தாழ ஐம்பது வீடுகள் 1924க்கும் 1926க்கும் இடையில் அங்கு எழுந்தன. அங்கும் நீள யன்னல், அங்கும் தட்டைக் கூரை, அங்கும் மிகையற்ற வடிவம். ஆனால் குடியேறப் போகின்றவர் யாரென்பதைக் கட்டடக்கலைஞர் அறியார். "தொழிலாளி" என்னும் பொதுப்பெயர் ஒன்றே அவர்முன் இருந்தது. தண்ணீர் இணைப்புக்கூடக் கிட்டாது அவ்வீடுகள் சில ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. பின்னர் குடிவந்தோர் தம் கைகளால் அவற்றைத் திருத்தத் தொடங்கினர்: நீள யன்னலைக் குறுக்கினர், தட்டைக் கூரைமீது சாய்கூரை ஏற்றினர், மேல்முற்றத்தை மூடி அறையாக்கினர், கீழ்வெளியைச் சுவரெழுப்பி அடைத்தனர்.

பிலிப் பூடோன் என்னும் ஆய்வாளர் அத்திருத்தங்களை ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். அவற்றை வெறும் தோல்வியின் தடயங்களாக அவர் காணவில்லை. அவ்வடிவமைப்பின் நெகிழ்ச்சியே குடியிருப்போர் கைவைக்க இடந்தந்தது என்றும் எடுத்துக்காட்டினார். இது கருத்திற்கொள்ளத்தக்கது. ஆயினும் நெகிழ்ச்சி தற்செயலாக வாய்த்ததற்கும், வாழ்பவரைக் கேட்டு அமைத்ததற்கும் வேறுபாடு உண்டு. ஏரிக்கரையில் முதலிலேயே கேட்கப்பட்ட வினாவைப் பெசாக்கில் குடியிருந்தோர் சுத்தியலும் சாந்தும் கொண்டு பிற்பாடு தாமே கேட்க வேண்டியதாயிற்று.

யாருடைய திருத்தம் வரலாறு?

இவ்விடத்திலேதான் மரபுரிமை பேணுதல் பற்றிய சங்கடமான உண்மை வெளிப்படுகின்றது. ஏரிக்கரை வீடு குறையற்ற வீடன்று. கட்டி முடித்துச் சில காலத்தில் அதிற் பிளவுகள் தோன்றின. ஏரியின் நீர்மட்டம் ஏறியிறங்க, நிலவறை ஒரு தோணியைப்போல் மேலுந்தப்பட்டது என்பது கட்டடக்கலைஞர் தந்த விளக்கம். 1931இல் வீதிப்பக்கச் சுவர் நாகமுலாம் பூசிய தகட்டினால் மூடப்பட்டது; 1950ஐ ஒட்டி ஏரிப்பக்கச் சுவரும் அலுமினியத் தகட்டினால் மூடப்பட்டது. இன்று அங்கு செல்பவர் காண்பது 1924இன் வெள்ளைச் சுவரை அன்று; ஒட்டுப்போட்ட வீட்டை. அந்த ஒட்டுக்கள் அவ்வீட்டின் வரலாறாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவற்றோடு சேர்த்தே வீடு பேணப்படுகின்றது. அது முறையானதே.

ஆனால் பெசாக்கில் நிகழ்ந்தது யாது? 1980இல் அங்கு ஒரு வீடு சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அதனைத் தொடர்ந்து பல வீடுகளின் முதல் வடிவம் மீட்கப்பட்டது. மீட்பு என்றால் என்ன? குடியிருந்தோர் ஏற்றிய கூரை இறக்கப்பட்டது. குறுக்கிய யன்னல் மீண்டும் நீண்டது. அடைத்த வெளி மீண்டும் திறந்தது. 2016இன் அதே பட்டியலில் பெசாக்கும் இடம்பெற்றுள்ளது. கட்டடக்கலைஞர் தம் தாயாரின் வீட்டில் ஒட்டிய தகடு வரலாறு. தொழிலாளி தன் வீட்டில் ஏற்றிய ஓடு சிதைவு. இத்தீர்ப்பை வழங்கும் அளவுகோலுக்கு வர்க்கச் சார்பு இல்லையென்று எவரேனும் நிறுவுவாராயின், இக்கட்டுரையை மீளப் பெற்றுக்கொள்ளலாம்.

கொர்சோவின் ஊராட்சியினர், இத்தகைய வீடு இயற்கைக்கு இழைத்த குற்றமென்று கூறி, இனி அதுபோல் ஒன்று அங்கு எழக்கூடாதென்று தடைவிதித்தனர் என லெ கொர்பூசியே அச்சிறுநூலில் எழுதியுள்ளார். இக்கதை கேட்டு இன்று நாம் நகைக்கின்றோம். அன்று புதுமையை வெளியிலிருந்து பழித்தவரும், இன்று பழைமையாகிவிட்ட அப்புதுமையை வெளியிலிருந்து வழிபடுபவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பதை உணர்ந்தால் அந்நகைப்பு அடங்கும்.

கேட்க இயலுமா?

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். "பெற்றோருக்கு வீடு கட்டுபவன் அவர்களை அறிவான். ஆயிரம் வீடு கட்டும் அரசு ஆயிரம் பேரை எவ்வாறு அறியும்? தொகையான வீடமைப்பிற் பொது மாதிரியே நடைமுறைக்கு ஏற்றது" என்பர். வலுவான வாதம்போல் தோன்றும் இதனைப் பொய்ப்பித்தவர் நம் நாட்டிலேயே இருந்தார்.

கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா (1918-1998) லெ கொர்பூசியேயை நேரில் அறிந்தவர். 1947இல் நவீன கட்டடக்கலைஞரின் சர்வதேசப் பேரவையிற் பங்குபற்றியவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டியை அடுத்த வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவர் வரைபடப் பலகையிலிருந்து தொடங்கவில்லை. குடியேறவிருந்த அரச ஊழியரிடம் வினாக்கொத்துக்களை வழங்கினார். அவர்களது குடும்பம், வழக்கம், வருமானம், விருப்பம் என்பனவற்றைக் கேட்டறிந்தார். அவ்விடைகளுக்கு ஏற்பப் பலவகை வீட்டு மாதிரிகளை வகுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டத்தில் இது சாத்தியமாயிற்று. நவீனத்துவத்தின் மொழியைக் கற்று, அதன் மேலான பண்பை, வாழ்பவரை முன்வைக்கும் பண்பை, ஒரு வீட்டிலிருந்து ஒரு குடியிருப்புக்கு விரித்தவர் அவர். ஏரிக்கரையில் மகன் தாய்க்குச் செய்ததை, அவர் அறிமுகமற்ற அயலாருக்குச் செய்தார். ஆயினும் கட்டடக்கலை பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்களில் ஆசானின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு அவர் பெயர் ஒலிப்பதில்லை.

அவரது பாடம் மறக்கப்பட்டதன் விலையையும் நாம் கண்டோம். போருக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் 2016இல் முன்னெடுக்கப்பட்டது. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரும், இங்கே பொருத்தப்படும். வெப்பம், கடற்காற்றில் துருப்பிடித்தல், அறை சேர்த்துப் பெருப்பிக்க இயலாமை, செலவு ஆகியவற்றைச் சுட்டிப் பொறியியலாளரும் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்வீடே வேண்டுமென்றனர். திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. இதற்கு மாறாக, முன்னர் குறிப்பிட்ட இந்திய உதவி வீடுகளிற் பெரும்பாலானவை, பணத்தைக் கட்டங்கட்டமாகப் பெற்று, உரிமையாளர் தாமே நின்று கட்டியவை. அவற்றிலும் குறைகள் உள, கடன்பட்டோரும் உளர். எனினும் வாசல் எத்திசையில் அமைய வேண்டும் என்பதையேனும் அவ்வீட்டுப் பெண்ணே தீர்மானித்தாள்.

உருக்குத் தகட்டின்மீது நமக்குப் பகையில்லை. ஏரிக்கரை வீடும் தகடு போர்த்த வீடே. நவீன வடிவத்தின்மீதும் பகையில்லை. நாற்சார் வீட்டை நினைத்து ஏங்குவதனால் ஒருவருக்கும் கூரை கிடைத்துவிடாது. வடிவம் எதுவாயினும், பொருள் எதுவாயினும், வரைபடம் வாழ்பவரின் பின்னால் வந்ததா, முன்னால் வந்ததா என்பதே வினா. ஏரிக்கரை வீடு இவ்வினாவிற் தேறிற்று. பெசாக் தடுமாறிற்று. 65,000 உருக்கு வீடுகள் தேர்வெழுதும் முன்னரே தோற்றன.

ஆகவே, அவ்வீட்டைக் காணச் செல்லும் நல்வாய்ப்புப் பெறுவோரும், நூல்களிலும் படங்களிலும் மட்டுமே அதனைக் காணும் நம்மனையோரும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. யன்னலின் நீளத்தை அளந்தது போதும். சமையலறையிலிருந்து மேசைவரை எத்தனை அடி? குளிர்காலத்தில் எந்த மூலை வெப்பமாயிருந்தது? கூரைப் புல்லை யார் வெட்டினார்? பிளவு விழுந்தபோது செலவை யார் ஏற்றார்? இவ்வினாக்களுக்கு விடை தேடாத ஆய்வு, கட்டடக்கலை ஆய்வென்னும் பெயருக்கு உரியதன்று. கட்டடக்கலையை மட்டுமன்றி இலக்கியத்தையும் சமூகத்தையும் கற்கின்ற நமக்கு இது பொதுவான எச்சரிக்கையாகும்: படைத்தவனின் பெயரை அறிந்து, அப்படைப்புக்குள் வாழ்ந்தவரின் பெயரை அறியாத புலமை, படலையடியிலேயே நின்றுவிட்ட புலமை. மாரி ஷார்லொத் அமெலி ஜனறே-பெறே. ஏரிக்கரை வீட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அத்தாயாரின் பெயர் இதுவாகும். அவ்வீட்டைப் பற்றிய எந்தக் கட்டுரையும் இப்பெயரிலிருந்து தொடங்கட்டும்.